கையெழுத்து யாருடையது

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மூன்று ஞாயிறாக உன் போன் வரவில்லை. வேலை இருக்கும், சரி. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நிதித் துறைக்கு ஆலோசகராக உன்னைத் தில்லியில் கூப்பிட்டிருப்பதைப் பெரியப்பா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "பொருளாதாரம் படித்தான், கம்பெனி நடத்தினான், நாளைக்கு நிதி மந்திரி. நம்ம டி.டி.கே. மாதிரி" என்கிறார். நேரு காலத்து நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியைச் சொல்கிறார். எனக்கும் பெருமைதான். அன்று சாயங்காலம் மியூசிக் அகாடமி பக்கம் நடந்தபோது, கடைப் பலகைகளில் டி.டி.கே. சாலை என்று இருப்பதை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன்.

உன் தாத்தாவுக்கு அவர் கதை மனப்பாடம். 1928-ல் ஏஜென்சி தொடங்கி, வெளிநாட்டுச் சாமான்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர். 1937-ல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். தொழில் பிள்ளைகள் கைக்குப் போயிற்று. அப்புறம் அரசியல் சட்டம் இயற்றிய அரசியல் நிர்ணய சபை, அதை எழுதிய வரைவுக் குழு. அந்தக் குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், வேலை முழுவதும் கடைசியில் அம்பேத்கர் ஒருவர் தலையில்தான் விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையிலேயே எழுந்து சொன்னார். தானும் அந்தக் குழுவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? தாத்தா இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் கம்மும்.

1956-ல் நிதி அமைச்சரானார். சொத்து வரி, செலவு வரி என்று தன்னைப் போன்ற பணக்காரர்கள் மேலேயே வரி போட்டார். பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு செப்புக்காசு இருக்குமே, சின்ன வயதில் நீ எடுத்து விளையாடி அடி வாங்கினாயே, அந்த நயா பைசா அவர் காலத்தில், 1957 ஏப்ரலில் வந்ததுதான்.

அதே வருஷம்தான் முந்த்ரா விவகாரமும். சிக்கலில் இருந்த தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் அரசின் எல்.ஐ.சி. சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். நீதிபதி சாக்ளா பம்பாயில் எல்லோரும் பார்க்கும்படி விசாரித்தார். அமைச்சருக்குத் தெரியும் என்றார் நிதித் துறைச் செயலாளர். நான் ஒப்புதல் கொடுக்கவில்லை என்றார் அமைச்சர். செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு, அதிலிருந்து அவர் ஒதுங்க முடியாது என்று சாக்ளா எழுதிவிட்டார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். அந்த மாதக் கடைசியில் பட்ஜெட்டை நேருவே படிக்க வேண்டியதாயிற்று. சில வருஷம் கழித்து டி.டி.கே. மறுபடி நிதி அமைச்சராக வந்ததும், ஜனங்கள் முதலீடு செய்ய யூனிட் டிரஸ்ட்டும் தொழில்களுக்குக் கடன் கொடுக்க ஐ.டி.பி.ஐ.யும் தொடங்கியதும் உனக்கே தெரியும். பாராட்டு என்று வந்தபோது அம்பேத்கரைக் கைகாட்டிய மனுஷர், பழி வந்தபோது ஏன் அப்படிச் சொன்னார் என்று தாத்தா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பேப்பரில் உன் கம்பெனியைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. கணக்கில் தவறு, பொறுப்பானவர் நீக்கப்பட்டார் என்று. போன பொங்கலுக்கு உன்னோடு வந்தானே, அதிரசம் கேட்டு வாங்கித் தன் அம்மாவுக்கென்று டப்பாவில் எடுத்துப் போனானே, அந்தப் பையன்தானா? நான் எதுவும் கேட்கவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு. எதைக் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போடு.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, கண்ணா. உனக்கு நாலு வயது, டைபாய்டு. ஐந்தரை மணிக்கு ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டே ஒரு அரியர்ஸ் பில்லில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். ஒரு தொகை இரண்டு தடவை போய்விட்டது. ஆடிட்டில் கேட்டபோது, "செக்‌ஷன் பெண் சரிபார்த்துத்தான் வைத்தாள்" என்றேன். அவள் வைத்திருந்தது பென்சில் டிக் மட்டும். மையில் இருந்தது என் பெயர். அவளுக்கு சார்ஜ் மெமோ, இரண்டு இன்கிரிமென்ட் போயிற்று. எனக்கு அடுத்த வருஷம் புரமோஷன். குழந்தைக்கு உடம்பு சரியில்லாத சமயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைக் காரணமாக வைத்தேன். அதுவும் தப்பு.

அதற்கப்புறம் அவள் என்னோடு சாப்பிட உட்காரவே இல்லை. ரிடையர் ஆன அன்று மாலை போட வந்தவர்களில் கடைசியாக நின்று, "வரேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

தாம்பரத்தில் இருக்கிறாளாம். விலாசம் வாங்கிவிட்டேன். நேற்று ராத்திரி அவளுக்கு ஒரு கடிதம் எழுதி முடித்தேன். இதையும் அதையும் நாளைக் காலையில் நானே கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், பேசு.

அம்மா