உயிரோடு வீடு திரும்பிய தாயிடமும் கேளுங்கள்

வடமாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், யாழ்ப்பாணத்துப் பிரசவ விடுதிகளில் இரவு பகலாக நிற்கும் வைத்தியர்கள், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் 1 இலட்சம் பிறப்புகளுக்கு 1,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30ஐ ஒட்டி நிற்கிறது. இதற்காக நீங்களும் உங்களுக்கு முன்னிருந்தவர்களும் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள், எங்கே பிந்தியது என்று விசாரித்து எழுதி வைக்கிறீர்கள். உயிரோடு வீடு திரும்பிய தாயிடம் அப்படி யார் கேட்கிறார்கள்? பிள்ளையின் நிறை, தாயின் இரத்த அழுத்தம் எல்லாம் பதிவேட்டில் ஏறுகின்றன. தனக்கு என்ன நடந்தது என்று அவள் வாயால் சொல்வது ஏறுவதில்லை.

என் பிரசவத்தில் பிறப்பு வாயிலை வெட்டித் தையல் போட்டார்கள். ஏன் என்று முன்னும் சொல்லவில்லை, பின்னும் சொல்லவில்லை. நோவில் கத்தியபோது வாங்கிய பேச்சு இன்றும் காதில் நிற்கிறது. அதே விடுதியில், விடியும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி ஒருவரும் இருந்தார். யாரும் கேட்காததால் அவருடைய நல்ல வேலையும் எவருக்கும் தெரியாமலே போனது.

குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போதே கேட்கலாமே என்பீர்கள். வேண்டாம். பிள்ளை வளரும்வரை நிறை பார்க்க வரப்போகிறவர் அவர். அவரிடம் எங்கள் பெண்கள் "ஓமோம், எல்லாம் நல்லம் மிஸ்" என்றுதான் சொல்வார்கள். விடுதியோடு தொடர்பில்லாத ஒருவர், ஆறுதலாக இருந்து, பெயர் குறிக்காமல் கேட்கட்டும். அவள் சொன்ன மாதிரியே எழுதட்டும். "திரை போடாமல் சோதித்தார்கள்" என்று எழுதினால் திரை வேண்டும் என்று தெரியும். 'திருப்தியில்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டால் என்ன தெரியும்?

கேற்றடியில் இரவு முழுக்க நின்ற அப்பாமாரையும் கேளுங்கள். பிரசவத்தின்போது தாய் விரும்பும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. இங்கே யாரை உள்ளே விட்டார்கள், யாரை விடவில்லை, என்ன காரணம் சொன்னார்கள் என்பதும் பதிவாகட்டும். அப்புறம், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் ஓம் என்றால் மட்டும், அவசரப்படுத்தாமல். கைக்குழந்தைக்காரர்களுக்கு நடுவேதான் அவளுக்கும் கட்டில் கொடுத்தார்களா என்பது எனக்கு முக்கியமான கேள்வி.

யாரையும் தண்டிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. ஒரே தாதி எத்தனை கட்டிலுக்கு ஓடினார் என்பதும் இந்தக் கதைகளில் வரும். ஆளணி கேட்டு நீங்கள் எழுதும்போது அது உங்களுக்கே கைகொடுக்கும்.

யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளான தீவகத்தில் தொடங்குங்கள். நெடுந்தீவில் நோ கண்டவளைப் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்புவதென்றால் முதலில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடல் கடக்க வேண்டும். அந்தத் தாய்மாருக்குச் சொல்ல நிறைய இருக்கும். எழுதுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி