அடித்து வாங்கும் வாக்குமூலம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் இதே பகுதியில் வாசகர் ஒருவர், போலீஸ் கைகாலை உடைத்து மாவுக்கட்டு போட்டால்தான் குற்றவாளிகள் அடங்குவார்கள், உரிமைப் பேச்செல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று எழுதியிருந்தார். நெடுங்காலம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் அவருக்குப் பதில் சொல்லத் தோன்றுகிறது.

இத்தாலியின் மிலான் நகரில் 1630-ல் கொள்ளைநோய் பரவியது. பியாட்சா என்ற சுகாதார அலுவலர் சுவரோரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு நடந்ததை ஜன்னலிலிருந்து பார்த்த ஒரு பெண், அவர் நோயைப் பரப்பும் களிம்பைச் சுவரில் பூசுவதாகக் கிளப்பிவிட்டாள். பிடித்து வதைத்தார்கள். வதைத்தும் ஒப்புக்கொள்ளாதவர், சொன்னால் தண்டிக்காமல் விடுகிறோம் என்ற வாக்குறுதியை நம்பி மோரா என்ற நாவிதரின் பெயரைச் சொன்னார். மோராவையும் வதைத்தார்கள், அவரும் ஒப்புக்கொண்டார். இருவரையும் கொன்று, மோராவின் வீட்டை இடித்து, அந்த இடத்தில் 'அவமானத் தூண்' ஒன்றையும் நட்டார்கள். விசாரணை, வாக்குமூலம், தீர்ப்பு எல்லாம் இருந்தன. களிம்பு பூசி யாரும் கொள்ளைநோயைப் பரப்பவில்லை என்பதுதான் உண்மை.

அந்தத் தூண் இன்னும் நின்றுகொண்டிருந்த காலத்தில் அதே ஊரில் பிறந்தவர் பெக்காரியா என்ற சட்டச் சிந்தனையாளர். 1764-ல், 26 வயதில், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டார். குற்றம் உறுதியாகிவிட்டது என்றால் வதைக்க வேண்டிய தேவையே இல்லை. உறுதியாகவில்லை என்றால், நிரபராதியாக இருக்கக்கூடியவனை வதைக்கிறீர்கள். உடம்பில் வலுவுள்ள கயவன் தாங்கிக்கொண்டு தப்பிவிடுவான், பலவீனமான நிரபராதி மாட்டிக்கொள்வான். இவ்வளவுதான் அவர் வாதம். யாருக்கும் இரக்கம் காட்டச் சொல்லவில்லை, யோசிக்கச் சொன்னார். இத்தாலியப் பகுதியான டஸ்கனியின் அரசு 1786-ல் சித்திரவதையையும் மரண தண்டனையையும் சேர்த்தே ஒழித்தது. குற்றம் நிரூபணமாகும்வரை எவரும் நிரபராதியே என்று பிரெஞ்சு உரிமைப் பிரகடனம் 1789-ல் எழுதிவைத்தது.

மேல்நாட்டுச் சரக்கு என்கிறார் அன்பர். சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்களின் விரல்களைக் கிட்டி என்ற மர இடுக்கியில் வைத்து நெரித்தார்கள், குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். நம் முன்னோர் மனு மேல் மனுவாக முறையிட்டது 1855-ல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையில் இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 1861-லேயே சட்டத்தில் ஏறிவிட்டது. பிறகு 1872 சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவானது. அதற்குப் பதிலாக வந்த இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23-வது பிரிவாக நிற்கிறது. வெள்ளைக்காரன் கருணையால் மட்டும் வந்ததல்ல இது, அடிபட்டவர்கள் வாய் திறந்து சொன்னதாலும் வந்தது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். செயின் பறிப்பு வழக்கில் கொத்தனார் வேலை செய்யும் பையன் ஒருவனை ரிமாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையில் கட்டு. எப்படி ஆயிற்று என்று மாஜிஸ்திரேட் கேட்டார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரரை ஒருமுறை பார்த்துவிட்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் ஐயா" என்றான். அவனுடைய அம்மா வராந்தாவில் உட்கார்ந்து ஜாமீன் மனுவுக்கான காகிதங்களில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார். சில மாதம் கழித்து வேறொரு ஆள் அதே நகையோடு பிடிபட்டான். பையன் வெளியே வந்தான். ஆனால் மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டது, அப்புறம் அவனால் கரண்டி பிடித்துப் பூச முடியவில்லை. அடித்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஏற்கவில்லை. 2010-ல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. சட்ட ஆணையம் 2017-ல் தன் 273-வது அறிக்கையில் ஏற்புறுதி செய்யச் சொல்லி, மசோதாவின் வரைவையும் இணைத்துக் கொடுத்திருக்கிறது. அடுத்த கூட்டத்தொடரில் இதைப் பற்றி ஒரு கேள்வியாவது எழுப்ப வேண்டும் என்று எங்கள் தொகுதி எம்.பி.யை இக்கடிதத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா, திண்டுக்கல்