குடியிருப்போர் நலச்சங்கம், திருப்பூர்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தெருவிளக்குக்கு மனு கொடுத்தோம். மூன்றாவது வீதியில் மட்டும் இன்னும் எரியவில்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டி நல்லபடியாக நடந்தது. சந்தா பாக்கிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, இங்கே வாசிக்கப்போவதில்லை.

மற்றபடி இந்த ஆண்டு நம் நேரமெல்லாம் உடல்நலக் கணக்கெடுப்புக்குத்தான் போனது. சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர், "வருசா வருசம் சுகர் முகாம் போடறமுங்க, வர்றது அதே ஆளுங்கதான். யாருக்கு என்ன வேணும்னு என்னைக்காவது கேட்டிருக்கமா?" என்று கேட்டார். சரி, இந்த முறை முகாமை நிறுத்திவைத்துவிட்டுக் கேட்டே பார்ப்போம் என்று முடிவானது. மகளிர் குழுவினரும் கல்லூரிப் பிள்ளைகளும் இருவர் இருவராக வீடு வீடாகப் போனார்கள். பெயரோ கதவு எண்ணோ குறிக்கவில்லை. மனம்விட்டுப் பேசியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். லைன் வீடுகளில் இருக்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்களிடம் பேச, இந்தி தெரிந்த மளிகைக்கடைக்காரர் கூடவே வந்தார். அட்டவணை உங்கள் கையில் இருப்பதால் எண்களை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பிரஷர், சுகர் இருப்பது பலருக்குத் தெரிந்தே இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் சிக்கல். "கிறுகிறுன்னு வந்தா போட்டுக்குவேனுங்க, இப்ப நல்லாத்தான இருக்கறேன்" என்ற பதிலைப் பல வீடுகளில் கேட்டோம். 140/90-க்கு மேல் ரத்த அழுத்தம் இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். நல்லாயிருக்கிற நாளிலும் மாத்திரை போட வேண்டியது அதனால்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் தன்னார்வலர் வரும் நேரத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் திரும்பும்போது இரவு எட்டு மணி தாண்டிவிடும். அரசின் நலவாழ்வு மையமோ எட்டு மணிக்கே மூடிவிடும்! ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்களும், அரை நாள் கூலி போகுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவர்கள் பலருக்கு அந்த அட்டையும் இல்லை.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. டெய்லர் பெண்களில் பலர் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. எழுந்து போனால் பீஸ் குறையும், கழிவறையும் சுத்தமாக இருக்காது. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்று மகளிர் குழுவினரிடம் மட்டும் சொன்னார்கள். இத்தனை வருட முகாம்களில் ஒருமுறைகூட இந்தப் பேச்சு எழுந்ததில்லை. ஆண்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தால் எப்படி எழும்? 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு நிலையங்களில் இலவசம் என்பதும் பலருக்குத் தெரியவில்லை.

அப்புறம் டிரம் விவகாரம். நல்ல தண்ணீர் தினமும் வராத ஊரில் தண்ணீரைப் பிடித்துவைக்காதே என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் டெங்குக் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முட்டை டிரம்மின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த முறை தண்ணீர் பிடித்ததும் பொரித்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூட வேண்டும். கணக்கெடுத்த பிள்ளைகள் டார்ச் அடித்துக் கொசுப்புழுவைக் காட்டியபோது பல வீடுகளில் அப்போதே டிரம்மைக் கழுவினார்கள். நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் கருத்து.

இதையெல்லாம் வைத்து நிர்வாகக் குழு இரண்டு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது. ஒன்று, முகாமுக்கு ஒதுக்கும் தொகையில் பிரஷர் பார்க்கும் கருவி வாங்கி, மாதம் ஒரு ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தில் செவிலியர் ஒருவரை உட்கார வைப்பது. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரும் அன்று வர இசைந்திருக்கிறார். மற்றொன்று, பெண்களுக்கென்று தனி நாள்; அதை மகளிர் குழுவே நடத்தும், நாம் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். பெரிய முகாம் நின்றால் பேனரில் படம் வராதே என்று சிலருக்கு வருத்தம் இருக்கிறது. அவர்களும் இங்கேயே பேசலாம்.

கணக்கெடுப்புக்கு வெயிலில் அலைந்த அத்தனை பேருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசித்த பிறகு தீர்மானங்களை வாக்கெடுப்புக்கு விடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்