பட்டையில் பதினொன்று

ரங்கூன்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நலம். மாப்பிள்ளையும் நீயும் நலமா? போனில் பேசினால் பாதியில் லைன் போய்விடும், இல்லையென்றால் நான் அழுதுவிடுவேன். அதனால் தம்பியின் கூட்டாளி கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது சோப்பு தேடி உன் பையைத் திறந்தேன். மாத்திரைப் பட்டையில் பதினொன்று இருந்தது. ஆறு நாள் கழித்து நீ புறப்படும்போதும் பதினொன்று. எண்ணியது தப்புதான். சஷ்டி விரதம் பிடிக்கப் போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். நீயாகச் சொல்வாய் என்று இத்தனை நாள் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து கண் கலங்காமல் வேலைக்குப் போன பிள்ளை என்று காளியம்மன் கோயிலில் எல்லோரிடமும் உன் பெருமைதான். அம்மாவிடம் மட்டும் வாய் திறக்க மாட்டாய்.

லேடி டாக்டரிடம் 'தெரிஞ்சவங்க பொண்ணு' என்று சொல்லிக் கேட்டேன். சிரித்தார். நம் இருவருக்கும் வந்த வகை மார்புக் கட்டி, உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை வைத்தே வளருமாம். நம் மாத்திரை டமாக்சிஃபென் அந்த ஊற்றை அடைப்பதில்லை. கட்டியின் பந்தியில் ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இலைமுன் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாத்திரை எழுந்தால் அது உட்கார்ந்துவிடும். அதற்குத்தான் தினம் 20 மில்லிகிராம். ஆனால் கருப்பையில் இதுவே ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடக்கும். வேண்டாத நாளில் உதிரம் கண்டால் உடனே காட்டு. 1896லேயே பீட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், ஈஸ்ட்ரோஜன் ஊறும் சினைப்பையை எடுத்தால் மார்புக் கட்டி சுருங்குவதைப் பார்த்து எழுதினாராம். உனக்கு அதை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள், பாப்பா. அதற்குப் பதில்தான் இந்த மாத்திரை.

பிள்ளைக்கு வழி இருக்கிறது. கொஞ்ச காலம் சாப்பிட்டபின், டாக்டர் சொல்லும் நேரத்தில் நிறுத்தி, மருந்து உடம்பை விட்டுப் போகச் சில மாதம் பொறுத்து, பெற்றபின் மறுபடி தொடங்குகிறார்களாம். மருந்து உடம்பில் இருக்கும்போது கரு தங்கினால் பிள்ளைக்கு ஆபத்து. நீயாக நிறுத்தாதே. உன் டாக்டரைக் கேள். நீயாக நிறுத்தாதே.

'அம்மா அஞ்சு வருஷம் முடிச்சாங்க, நானும் முடிப்பேன்' என்று அத்தையிடம் சொன்னாயே. நான் முடிக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் விட்டுவிட்டேன். கரண்டு இல்லாத சித்திரை ராத்திரியில் நெஞ்சிலிருந்து காதுவரை குப்பென்று எரியும். கழுத்தெல்லாம் தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசி வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். வேர்வையில் கரைந்து ரவிக்கையில் வழியும். ஒரு நாள் விட்டேன். நிம்மதியாக இருந்தது. மறுநாளும் விட்டேன். நீ அனுப்பிய மருந்துப் பணம் தம்பி படிப்புக்குப் போயிற்று. 'வாங்கிட்டியாம்மா' என்பாய். 'வாங்கிட்டேன்' என்பேன். அப்பாவுக்கும் தெரியாது. இதையும் லேடி டாக்டரிடம் சொன்னேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை ஸ்கேன்.

பட்டையைப் படம் பிடித்து அனுப்பு என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை. லபெட் தேயிலை ஒரு டப்பா, பலாச்சாங் இறால் வறுவல் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். பலாச்சாங் மாப்பிள்ளைக்கு, காரம் குறைத்துத்தான் வறுத்தேன். சாமான் கைக்கு வந்ததும் போன் பண்ணு.

அம்மா