இடது முன்சக்கரம்

பட்டர்வொர்த்

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலமென்று கட்டை சொன்னான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறேன் என்று இந்த வருடமும் ஏமாற்றிவிட்டாய். அதை நேரில் பேசிக்கொள்வோம். இப்போது லோரி கதையைக் கேள். உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நம் பழைய மூன்று டன் வண்டி, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் ஷூக்கள் விரிந்து, அவற்றின் மேல் ஒட்டிய லைனிங் உரசி நிறுத்துகிற வகை. தம்பி மகன் பாலிக் பூலாவில் டுரியான் ஏற்றிக்கொண்டு ஜாலான் துன் சார்டோன் மலைச்சாலை வளைவுகளில் இறங்கும்போது, பிரேக்கைத் தொட்டாலே ஸ்டியரிங் இடப்பக்கம் வெடுக்கென்று இழுக்கிறது, கருகல் வாடையும் வருகிறது என்றான். பட்டறைக்கு அனுப்பினால் இடப்பக்க லைனிங்கை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு! கொஞ்ச நாளில் மறுபடி அதே இழுப்பு. “பழைய லோரி அப்படித்தான் அண்ணே” என்கிறார்கள். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். ஒரு சுற்று ஓட்டி வந்து டிரம்களுக்குப் பக்கத்தில் கையைக் காட்டிப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பு, இடது முன்சக்கரம் மட்டும் அனல். ஆறியபின் கழற்றினால் லைனிங் கருத்துப் பளபளக்கிறது. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடிக்குள் ஈரமே இல்லை, அதனால் பிரேக் ஆயில் கசிவில்லை. விரலில் ஒட்டியது சக்கர நடுவிலிருக்கும் ஹப் கிரீஸ். கிரீஸ் பட்டால் வழுக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். லேசாக ஊறிச் சூட்டில் வெந்தால் பசை மாதிரி பிடிக்கும். பிடித்த ஷூவைச் சுற்றுகிற டிரம் இன்னும் இழுத்துக்கொள்ளும்.

சரி, கிரீஸ் வெளியே வராமல் அடைக்கும் சீல் போயிருக்கிறது. ஏன் போனது? சூடு கிரீஸை உருக்கிச் சீலையும் கெடுத்திருக்கிறது. அப்படியானால் சூடுதான் முதலில் வந்திருக்கிறது.

மாட்டி, ஜாக்கில் தூக்கி, பிரேக்கை மிதித்து, காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். அசையவில்லை. வீல் சிலிண்டரிலிருந்து ஆயிலை வடிக்கும் பிளீடர் நிப்பிளை அரைச்சுற்று தளர்த்தினேன். ஆயில் பீறி அடித்தது, சக்கரம் விட்டுக்கொடுத்தது! ஷூவைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கோ, துருப்பிடித்த பிஸ்டனோ காரணமென்றால் நிப்பிளைத் திறந்தும் இறுக்கமாகவே நின்றிருக்கும். பெடலை மிதிக்கும்போது சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் என்றால் மற்ற சக்கரங்களும் சேர்ந்து பிடித்திருக்கும். மிச்சம் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்தான். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. வெட்டிப் பார்த்தேன், உள் ரப்பர் உப்பி, ஊசி நுழையும் துவாரம்தான் இருந்தது. கால் மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடுகிறது. ஸ்பிரிங்கின் சின்ன பலத்துக்குத் திரும்பி வர வழியில்லை. காலை எடுத்த பிறகும் ஷூ உரசிக்கொண்டே இருக்கிறது.

முன்பக்க ஹோஸ் இரண்டும், சீல் இரண்டும், இரு பக்க லைனிங்கும் மாற்றினேன். டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டாமல் கடைசல் போட்டாயிற்று. பழைய ஆயில் முழுவதையும் வடித்துவிட்டேன். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் குடித்தது 140-ஐத் தாண்டினாலே கொதித்துவிடலாம். நம் ஊர் புழுக்கத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைக்குப் போய்விடும். அந்த மலையில், சுமையோடு, இருபத்து மூன்று வயதுப் பையன். நினைத்தாலே வயிறு கலங்குகிறது மச்சான்.

ஒன்று சொல்ல வேண்டும். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதே, ஈரத்துணியால் துடை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நமக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டர் கடைசிக் காலத்தில் இருமியதை நீயும் நானும்தானே பக்கத்தில் இருந்து பார்த்தோம்.

இப்போது வண்டி நேராக நிற்கிறது. ஆனால் பின் ஆக்சிலுக்குப் போகும் ஹோஸுக்கும் அதே வயதுதான். இங்கே கேட்ட கடைகளில் இல்லை. செந்தூலில் நீ வாடிக்கையாகப் போகிற ஸ்பேர்பார்ட் கடையில் விசாரி. அளவைப் படமெடுத்து அனுப்புகிறேன். பழைய ஸ்டாக் கொடுத்தால் வாங்காதே, ரப்பரில் அச்சடித்த தேதியைப் பார். அது வந்து சேரும்வரை பையனை மலைப்பக்கம் அனுப்பமாட்டேன் என்று டுரியான் முதலாளி தவ்கேயிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம்தான், இருக்கட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்