எந்த வீட்டுக்கு வருகிறாய்?

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் குமார்,

முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் படிப்பை முடித்துவிட்டு மெல்பேர்ண் போகும் யோசனையில் இருக்கிறாள். நான் தடுக்கவில்லை.

டொரொன்டோவை விட்டு அடுத்த ஆண்டு வீட்டுக்கே வந்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். மனம் துள்ளியது. ஆனால் எந்த வீட்டுக்கு, குமார்? நீ எழுதியதெல்லாம் யாழ்ப்பாணத்து உரும்பிராய் வளவைப் பற்றி: கிணற்றடி, கறுத்தக்கொழும்பான் மாமரம், அப்பாவின் சாய்மனைக் கதிரை. அந்த வீடு உன் தங்கைக்குச் சீதனமாகப் போய் எத்தனை காலம்! ஒல்லாந்தர் 1707இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையைத் தொகுத்து எழுதுவதற்கு முன்பே நம்மவரிடம் இருந்த வழக்கம் அது. ஊரில் உனக்கு ஒரு கூரை உண்டென்றால் அது உன் மனைவி வசந்தியின் சீதன வீடு. காணி உறுதியும் அவள் பெயரில்தான். (அதை அவள் விற்க வேண்டுமானால் உன் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுச் சட்டம். இது அநியாயம் என்றே எப்போதும் நினைத்திருக்கிறேன்.)

அந்த வசந்தி வர மாட்டேன் என்கிறாள். நீ அதைப் பிடிவாதம் என்கிறாய். அவள் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். 1983 ஜூலைக் கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து, அகதி முகாமிலிருந்து ‘லங்கா கல்யாணி’ கப்பலில் காங்கேசன்துறையில் போய் இறங்கினாள். சொந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்கள். விடுமுறைக்கு மட்டும் போய்வந்த இடம் அன்று அவளுக்குச் சொந்த ஊராகிவிட்டது. 1964இல் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்டு, 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கென்று ஒதுக்கினார்களே, அதுவும் இப்படித்தான். இங்கேயே பிறந்தவர்களுக்கும் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் வைத்தார்கள். யாரும் அனுப்பி வைக்காமல் வசந்தி தானே வேரூன்றிய இடம் டொரொன்டோவின் ஸ்காபரோ. பேரப்பிள்ளைகளும் அங்கே. அதை விட்டு வா என்று நீ கேட்பது சிறிய கேட்பு அல்ல.

திரும்பி வந்தவர்கள் பலரை இங்கே பார்க்கிறேன். 2014இல் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பிறகு ஒருவர் வந்தார். பழைய நாற்சார் வீட்டை ஓடு ஓடாகத் திருத்தினார். வேலை முடிந்தபோது பேசிப் பழக அயலில் அறிந்த முகம் இல்லை. இப்போது எங்கள் தொடர்மாடியில், வைத்தியசாலைக்குக் கிட்ட இருக்கிறார். லண்டனில் தாதியாக இருந்த ஒரு அம்மா, படுக்கையில் கிடந்த தமக்கையைப் பார்க்க வந்தார். தமக்கை இறந்த பின்னும் போகவில்லை. கோப்பாயில் முதியவர்களின் புண்ணுக்கு மருந்து கட்டுகிறார். அவருக்கு வளவும் இல்லை, கிணறும் இல்லை. உன் கடிதத்தில் வீட்டை இவ்வளவு எழுதிய நீ, இங்கே யாரோடு இருக்கப் போகிறாய் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரேயடியாக விட்டு வராதே. ஒன்டாரியோவில் மருத்துவக் காப்புறுதி நிலைக்க, பன்னிரண்டு மாதத்தில் 153 நாளாவது அங்கே இருக்க வேண்டும். உன் முழங்காலுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது தேவை. இலங்கையில் 2011இல் நிறுத்திய இரட்டைக் குடியுரிமையை 2015இல் மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள், அதற்கு விண்ணப்பிக்கலாம். முதலில் நவம்பரில் வந்து பங்குனி வரை இரு. இங்கே ஒரு அனெக்ஸ் பார்த்து வைக்கிறேன். மாரி மழையில் உரும்பிராய்க்கும் போய்த் தங்கையோடு சில வாரம் இரு. வெயில் காலத்துக் கல்யாண வீடுகளுக்கு வந்து போனதை வைத்து முடிவெடுக்காதே.

வசந்திக்குத் தனியே எழுதுகிறேன். உனக்காகப் பரிந்து பேச மாட்டேன். அவளுக்கு என்ன விருப்பம் என்று மட்டும் கேட்பேன். நீயும் கேட்டுவிட்டுப் பதில் எழுது.

அன்புடன்,
ரவி