மோனோபோலி டீலில் பேரம் பேசவும் இடம் கொடுங்கள்

ஹாஸ்ப்ரோவில் மோனோபோலியைக் கவனித்துக்கொள்ளும் அனைவருக்கும் வணக்கம்.

மோனோபோலி டீல் எனக்கு மிகவும் பிடித்த சீட்டாட்டம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது குறை சொல்வதற்காக எழுதும் மடல் இல்லை. மோனோபோலிப் பலகை ஆட்டத்தில் முதலில் திவாலானவர் மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். 2008-இல் நீங்கள் கொண்டுவந்த சீட்டுக்கட்டில், மூன்று நிறத்துச் சொத்துகளை முதலில் முழுதாகச் சேர்ப்பவர் ஜெயிக்கிறார், யாரும் நடுவில் வெளியே போவதே இல்லை. கை காலியானவருக்கு அடுத்த முறை இரண்டுக்குப் பதில் ஐந்து சீட்டு கிடைக்கிறது, கால் மணி நேரத்தில் ஆட்டம் முடிகிறது, தோற்றவர்தான் "இன்னொரு ஆட்டம் போடலாம்" என்று முதலில் குலுக்க ஆரம்பிக்கிறார்.

மீதிச் சில்லறை கிடையாது என்ற விதியை யோசித்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இரண்டு மில்லியன் வாடகை கேட்கிறார்கள், என் வங்கியில், அதாவது நான் என் முன்னால் பணமாக வைத்திருக்கும் சீட்டுகளில், ஐந்து மில்லியன் சீட்டு ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஐந்தும் போனது போனதுதான், அதனால் ஒரு மில்லியன் சீட்டுக்கெல்லாம் இந்த ஆட்டத்தில் தனி மதிப்பு வந்துவிடுகிறது. அதேபோல், இன்னொருவரின் முழு நிறத்தையே பறிக்கும் டீல் பிரேக்கர் சீட்டைக் கையிலேயே வைத்துக் காத்திருப்பதா, இல்லை வாடகைக்குப் பயந்து ஐந்து மில்லியன் பணமாக வங்கியில் போடுவதா? போட்டுவிட்டால் அது அப்புறம் வெறும் பணம்தான், திரும்ப எடுத்து ஆட முடியாது. சின்ன ஆட்டத்துக்குள் இவ்வளவு யோசிக்க வைத்திருக்கிறீர்கள்.

சரி, எனக்கு உறுத்துவது எதுவென்றால், இந்த ஆட்டத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டிய தேவையே இல்லை.

1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட பலகை ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அட்லாண்டிக் சிட்டித் தெருக்கள் 22, நிறங்கள் எட்டு. நான்கு பேர் பகடை உருட்டும்போது ஒரே நிறத்துத் தெருக்கள் எல்லாம் ஒருவரிடமே தானாக வந்து சேர்வது அபூர்வம், நிறம் சேராமல் வீடு கட்ட முடியாது, வீடு கட்டாமல் வாடகை பெரிதாக ஏறாது. ஆகவே வாயைத் திறந்து கேட்டே ஆக வேண்டும். என்னிடம் ஆரஞ்சில் டென்னசி அவென்யூவும் நியூயார்க் அவென்யூவும் இருக்கின்றன, உங்களிடம் செயின்ட் ஜேம்ஸ் பிளேஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறையிலிருந்து எண்ணினால் ஆரஞ்சுத் தெருக்கள் ஆறாவது, எட்டாவது, ஒன்பதாவது கட்டங்களில் வரும், இரண்டு பகடையில் சுலபமாக விழக்கூடிய எண்கள், அதனால் எனக்கு அது கட்டாயம் வேண்டும். உங்களுக்கோ கையில் பணம் குறைவு, 50 டாலருக்கு வீடு கட்டக்கூடிய வெளிர்நீல நிறம் முழுமையாவதற்கு என்னிடம் இருக்கும் ஒரு தெரு வேண்டும். அதைக் கொடுத்து, மேலே 100 டாலரும் தருகிறேன் என்பேன். நீங்கள் 200 கேட்பீர்கள். மூன்றாவது ஆள் நடுவில் புகுந்து, "அவனுக்கு ஆரஞ்சைக் கொடுத்தால் நாம் எல்லோரும் காலி" என்று உங்களைத் தடுப்பார். எனக்கு மோனோபோலி என்றால் இந்தப் பத்து நிமிடம்தான். அதிர்ஷ்டமே இல்லாதவரும் பேசிப் பேசி மேலே வந்துவிடலாம்.

டீலில் இதற்கு ஈடாக இருப்பவை எல்லாமே பிடுங்கல். ஸ்லை டீல் ஒரு சொத்தை எடுத்துக்கொள்கிறது, ஃபோர்ஸ்டு டீல் கேட்காமலே மாற்றிக்கொள்கிறது, டீல் பிரேக்கர் முழு நிறத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது. இவற்றைத் தடுக்கும் ஜஸ்ட் சே நோ சீட்டு கையில் இருந்தால் தப்பித்தோம், இல்லையென்றால் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். என் முன்னால் சிவப்பு இரண்டும் மஞ்சள் ஒன்றும், பக்கத்தில் இருப்பவர் முன்னால் மஞ்சள் இரண்டும் சிவப்பு ஒன்றும் கிடக்கும். மாற்றிக்கொண்டால் இருவருக்கும் ஒவ்வொரு நிறம் முழுதாகும், இருவரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம், ஆனால் விதியில் வழியில்லை. மேசையில் எல்லோரும் அவரவர் கைச்சீட்டையே பார்த்துக்கொண்டு சரியான சீட்டு வரட்டும் என்று காத்திருக்கிறோம். நல்ல சீட்டு வராதவருக்கு அந்த ஆட்டத்தில் செய்ய ஒன்றுமே இருக்காது. பலகை ஆட்டத்தைப் பகடை ஆட்டம் என்று குறை சொல்கிறார்கள், அதிர்ஷ்டத்தைச் சமாளிக்க அதில் இருந்த ஒரே கருவியைச் சீட்டுக்குக் கொண்டுவராமல் விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

வேகத்துக்காகத்தான் விட்டீர்கள் என்று புரிகிறது. அரை மணி நேரம் பேரம் நடந்தால் கால் மணி நேர ஆட்டம் எங்கே இருக்கும்? அதனால் எல்லை போட்டே கேட்கிறேன். ஒரு முறைக்கு மூன்று சீட்டு ஆடலாம் என்பது உங்கள் விதி. அதில் ஒன்றை விட்டுக்கொடுப்பவர், இன்னொருவர் சம்மதித்தால், மேசையில் இருக்கும் ஒரு சொத்தை ஒரு சொத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், தேவைப்பட்டால் வங்கியிலிருந்து பணமும் சேர்த்துக் கொடுக்கலாம். முழுமையான நிறத்தைத் தொடக்கூடாது, கைச்சீட்டைப் பேரத்தில் வைக்கக்கூடாது, மாற்றுவதால் யாருக்காவது மூன்றாவது நிறம் முழுமையாகுமானால் அந்தப் பேரம் செல்லாது. கடைசி நிபந்தனை இல்லையென்றால் தோற்கப்போகிறவர் தனக்குப் பிடித்தவரை ஜெயிக்க வைத்துவிடுவார். இருவர் மட்டும் ஆடும்போது இது வேண்டாம், ஒருவரின் லாபம் மற்றவரின் நஷ்டமாக இருக்கும்போது பேச எதுவும் இருக்காது.

வீட்டில் நாங்கள் இப்படித்தான் ஆடுகிறோம். ஆட்டம் கொஞ்சம் நீள்கிறது, உண்மைதான். ஆனால் இரண்டு நிறம் முடித்தவரோடு யாரும் மாற்ற மறுக்கிறார்கள், பின்தங்கியவர்கள் கூட்டுச் சேர்கிறார்கள், ஃபோர்ஸ்டு டீல் சீட்டு கூட இன்னும் கூர்மையாகிறது, "நீயாகக் கொடுத்தால் பணமும் தருகிறேன், இல்லையென்றால் இருக்கிறது பார்" என்று மிரட்டலாம்.

கட்டில் இருக்கும் 106 ஆட்டச் சீட்டுகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கூடவே வரும் விதிச் சீட்டுகளில், அடுத்த பதிப்பிலிருந்து, விரும்பினால் ஆடலாம் என்ற தலைப்பில் நான்கு வரி சேர்த்தால் போதும்.